பாடம் 7: காடு தாங்கும் குடும்பங்கள்

(உரைநடைப் பகுதி)

கற்றல் நோக்கங்கள்

• வெப்பமண்டலக் காடுகள் ஊரக மக்களின் வருவாய்க்கு எவ்வாறு துணைபுரிகின்றன என்பதை அறிதல்.
• உரிமை, விலை, அளவு ஆகிய மூன்றும் வறுமை ஒழிப்பில் பெறும் இடத்தை உணர்தல்.
• கருத்துகளைக் காரணம் காட்டித் தமிழில் எடுத்துரைக்கும் திறன் பெறுதல்.

நுழையும்முன்

பழந்தமிழர் நிலத்தை வெறும் மண்ணாகக் கருதவில்லை. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்றும், காடும் காடு சார்ந்த இடமும் முல்லை என்றும் வகுத்தனர். ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய தெய்வம், பறவை, பண் ஆகியவற்றோடு தொழிலையும் உணவையும் சேர்த்தே கூறினர். தேனெடுத்தலும் கிழங்கு அகழ்தலும் குறிஞ்சி மக்களின் தொழில்கள். ஆநிரை மேய்த்தல் முல்லை மக்களின் தொழில். நிலமும் பிழைப்பும் பிரிக்க இயலாதவை என்பது இதனால் விளங்கும். அந்த உறவு இன்று எந்நிலையில் உள்ளது? இப்பாடம் அதனை ஆராய்கிறது.

வகுப்பறையில் எழுந்த வினா

அன்பு மாணவர்களே! சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் 'காடு நாட்டின் செல்வம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். மழை பொழியக் காடு வேண்டும், தூய காற்றுக்குக் காடு வேண்டும், மரங்களை வெட்டுதல் குற்றம் என்று எல்லாரும் முறையாக எழுதியிருந்தனர். ஒரு மாணவி மட்டும் எழுதாமல் அமர்ந்திருந்தாள். காரணம் வினவினேன்.

"ஐயா, என் தாத்தா ஒட்டுப்பலகை ஆலை ஒன்றில் வேலை செய்தார். மரம் வெட்டக் கூடாது என்று ஆணை வந்ததும் ஆலையை மூடிவிட்டார்கள். அதன்பிறகு அவருக்கு நிலையான வேலையே இல்லை. மரத்தைக் காப்பாற்றினார்கள். தாத்தாவை யார் காப்பாற்றினார்கள்?" என்றாள்.

வகுப்பு அமைதியாயிற்று. அன்று அவளுக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. இப்பாடம் அவ்வினாவிலிருந்து பிறந்தது. அவளுடைய வினா தவறானதன்று. காட்டைப் பற்றிப் பேசும் எவரும் அதனைத் தவிர்த்துவிட்டுச் செல்லல் ஆகாது.

காட்டின் மூவகைக் கொடை

நாம் வாழும் டாலிகஞ்சிலிருந்து எத்திசையில் சென்றாலும் சிறிது தொலைவில் பசுமை தென்படும். அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மொத்த நிலப்பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் காடு. ஆண்டு முழுவதும் வெப்பமும் மிகுந்த மழையும் பெறுவதால் இவை வெப்பமண்டலக் காடுகள் எனப்படும்.

இத்தகைய காடுகள் மனிதருக்கு அளிப்பனவற்றை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, வீட்டுத் தேவைக்கான பொருள்கள். விறகு, கீரை, கிழங்கு, காய், கூரை வேயும் இலை, வேலி கட்டும் கழி, மூலிகை முதலியன இவை. இவற்றுக்குக் கையில் பணம் வருவதில்லை. எனினும் கையிலுள்ள பணம் வெளியே செல்லாமல் காக்கப்படுகிறது. ஒரு குடும்பம் விறகை விலைக்கு வாங்க வேண்டியிருந்தால் அரிசிக்கு ஒதுக்கிய பணம் குறையும் அல்லவா?

இரண்டாவது, விற்பனைக்கான பொருள்கள். தேன், புளி, கடுக்காய், நெல்லி, சீயக்காய், பூந்திக்கொட்டை, கல்பாசி, மூங்கில், பிரம்பு முதலியன இவ்வகையின. மரத்தை வீழ்த்தாமல் பெறும் இப்பொருள்களை அரசு ஆவணங்கள் 'சிறு வன மகசூல்' என்று குறிப்பிடும். பெயரில் 'சிறு' என்னும் சொல் இருப்பினும், மலைவாழ் மக்களின் வாழ்வில் இவற்றின் பங்கு சிறிதன்று.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத பணிகள். நீரைத் தேக்கி வைத்தல், மண் அரிப்பைத் தடுத்தல், பயிர்களுக்கு மகரந்தம் சேர்க்கும் பூச்சிகளை வாழ்வித்தல், மீன்குஞ்சுகளுக்குப் புகலிடம் தருதல் ஆகியன இதில் அடங்கும். நம் நகருக்குக் குடிநீர் வழங்கும் தனிகாரி அணையை எண்ணிப் பாருங்கள். அதற்குள் வந்து சேரும் நீர் காட்டுச் சரிவுகளில் வழிந்து வரும் மழைநீரே. நாம் காலையில் குழாயைத் திறக்கும்பொழுது காட்டின் கொடையைத்தான் பெறுகிறோம்.

இக்கொடையின் மதிப்பை அளந்து பார்த்தவர்களும் உண்டு. ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளின் 24 நாடுகளில் ஏறத்தாழ 8,000 ஊரகக் குடும்பங்களின் வரவுகளை ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அம்முடிவுகள் 2014 ஆம் ஆண்டு வெளியாயின. அக்குடும்பங்களின் மொத்த வருவாயில் 28 விழுக்காடு இயற்கைச் சூழலிலிருந்து கிடைத்தது. அந்த 28 விழுக்காட்டில் 77 விழுக்காடு இயற்கைக் காடுகளிலிருந்து வந்தது. அதாவது, ஒரு குடும்பம் ஈட்டும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஏறக்குறைய 22 ரூபாய் காடு தந்தது. பணமாகக் கைக்கு வாராத விறகும் உணவும் இக்கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தன என்பது கருதத்தக்கது.

அவ்வாறாயின் காட்டருகே வாழ்வோர் ஏன் இன்னும் வறியவராக உள்ளனர்? இங்கேதான் நாம் நுட்பமாகச் சிந்திக்க வேண்டும். ஒருவரை வறுமையில் மேலும் வீழாமல் தாங்குவது வேறு. வறுமையிலிருந்து மேலே ஏற்றுவது வேறு. காடு முதற்பணியை இயல்பாகவே செய்கிறது. இரண்டாம் பணியைச் செய்ய அதற்கு மூன்று துணைகள் வேண்டும். அவை விலை, உரிமை, அளவு என்பன. ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் துணை: விலை

என் சொந்த ஊர் சவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ளது. மாசி, பங்குனி மாதங்களில் மலையிலிருந்து ஆண்களும் பெண்களும் புளியைக் கூடையில் சுமந்து எங்கள் ஊர்ச் சந்தைக்கு வருவர். விடியலில் புறப்பட்டு நடந்தே வந்த அவர்களின் கால்களில் புழுதி படிந்திருக்கும். சந்தையில் அவர்கள் கூவி விற்றதை நான் கண்டதில்லை. நேரே ஒரு வணிகரின் கடைக்குச் சென்று கூடையை இறக்குவர். பேரம் ஏதுமின்றித் திரும்புவர். சிறுவனாயிருந்த எனக்கு அது வியப்பாக இருந்தது.

பின்னரே காரணம் விளங்கிற்று. வீட்டில் தானியம் தீர்ந்துபோகும் மழைக்காலத்தில் அவர்கள் அவ்வணிகரிடம் முன்பணம் பெற்றிருந்தனர். புளி பழுக்கும் முன்பே அதன் விலை முடிவாகிவிட்டது. பறித்தவுடன் ஓடும் கொட்டையுமாகக் கொடுத்த புளியை வணிகர் சில மாதங்கள் சேமித்து வைத்து, கொட்டை நீக்கி, விலை உயர்ந்த காலத்தில் விற்றார். மரம் ஏறியவருக்குக் கிடைத்ததைவிடக் காத்திருந்தவருக்குக் கிடைத்தது மிகுதி. காத்திருக்கும் வலிமை இன்மையும் வறுமையின் ஒரு கூறு என்பதை அச்சந்தை எனக்குக் கற்பித்தது.

இந்நிலையை மாற்ற வழிகள் உண்டு. ஓடும் கொட்டையும் நீக்கிய புளி கூடுதல் விலை பெறும். அதனை மலையிலேயே செய்துகொண்டால் அக்கூடுதல் பணம் மலையிலேயே தங்கும். பலர் ஒன்றுகூடிச் சங்கமாக விற்றால் தனியொருவர் விலைக்குப் பணிய வேண்டியதில்லை. நடுவண் அரசு 2013-14 ஆம் ஆண்டில் புளி, காட்டுத்தேன், கடுக்காய் உள்ளிட்ட சில சிறு வன மகசூல்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. நெல்லுக்கும் கோதுமைக்கும் அறிவிக்கப்படுவதுபோல் காட்டுப் பொருளுக்கும் விலை அறிவிக்கும் முயற்சி அது.

நீலகிரி மலையின் தேன் இதற்கு மற்றுமோர் எடுத்துக்காட்டு. அங்குக் குறும்பர், இருளர் முதலிய பழங்குடியினர் செங்குத்தான பாறைகளில் மலைத்தேனீ கட்டிய அடைகளிலிருந்து தேன் எடுப்பர். காட்டுக் கொடிகளால் பின்னிய ஏணியில் இறங்கி, பசுந்தழையைக் கொளுத்தி எழும் புகையால் தேனீக்களை விலக்குவர். கீழே பள்ளத்தாக்கு, மேலே ஏணியைப் பிடித்திருக்கும் உறவினர் கை. இத்துணை இடர் ஏற்று எடுத்த தேனும் முன்னாளில் அற்ப விலைக்கே சென்றது. அடையை முழுவதும் பிழிந்தெடுத்ததால் புழுவும் மகரந்தமும் கலந்து தேன் விரைவில் கெட்டது.

1993 ஆம் ஆண்டு கோத்தகிரியில் தொடங்கப்பெற்ற கீஸ்டோன் என்னும் அறக்கட்டளை இம்மக்களுடன் இணைந்து பணியாற்றியது. புழுக்கள் உள்ள பகுதியை விட்டுவிட்டுத் தேன் நிறைந்த பகுதியை மட்டும் அறுத்தல், பிழியாமல் வடிகட்டுதல், ஈரப்பதம் குறைத்தல் முதலிய முறைகள் பரவின. தேனின் தரம் உயர்ந்தது; விலையும் உயர்ந்தது; தேனீக்களின் அடுத்த தலைமுறையும் பிழைத்தது. 2013 ஆம் ஆண்டில் பழங்குடியினரே பங்குதாரர்களாக உள்ள 'ஆதிமலை' என்னும் உற்பத்தியாளர் நிறுவனமும் அங்கே உருவானது. தேனை விற்றவர்கள் நிறுவனத்தின் உரிமையாளர்களாயினர்.

இரண்டாம் துணை: உரிமை

ஒரு பொருளுக்கு நல்ல விலை இருப்பினும், அதனை எடுக்கும் உரிமை நமக்கு இல்லையேல் என்ன பயன்? ஆங்கிலேயர் காலத்தில் காடுகள் அரசின் உடைமையாயின. 1927 ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் அவ்வுடைமையை உறுதிப்படுத்தியது. பல தலைமுறைகளாகக் காட்டில் வாழ்ந்தவர்கள் தங்கள் முற்றத்து மரத்தின் காயைப் பறித்தாலும் குற்றவாளிகளாகும் நிலை ஏற்பட்டது. காட்டுப் பொருள்களைச் சேகரிக்கும் உரிமை பல இடங்களில் ஏலம் எடுத்த ஒப்பந்தக்காரர்களுக்குச் சென்றது. காட்டில் பிறந்தவர் அக்காட்டிலேயே கூலியாளாயினர்.

2006 ஆம் ஆண்டு நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை இயற்றியது. பழங்குடியினரும் மரபாகக் காட்டில் வாழும் பிறரும் சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் உரிமையுடையவர் என்று அச்சட்டம் கூறுகிறது. மூங்கில், பிரம்பு, தேன், மெழுகு, மூலிகை, கிழங்கு ஆகியன அதில் அடங்கும். அவ்வுரிமையைத் தீர்மானிக்கும் பணி கிராம சபையில் தொடங்குகிறது.

சட்டம் ஏட்டில் இருப்பது ஒன்று. ஊரில் நடப்பது ஒன்று. மகாராட்டிர மாநிலம் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேக்கா என்னும் சிற்றூர் உண்டு. கோண்டு பழங்குடியினர் வாழும் ஊர் அது. சுமார் 1,800 எக்டேர் காட்டின் மீதான சமூக உரிமையை அவ்வூர் 2009 ஆம் ஆண்டு பெற்றது. எனினும் மூங்கிலை வெட்டி வெளியே கொண்டு செல்லும் அனுமதிச்சீட்டை யார் வழங்குவது என்பதில் பூசல் நீடித்தது. 2011 ஏப்ரலில் அவ்வதிகாரம் கிராம சபையிடமே ஒப்படைக்கப்பட்டது. ஊரார் தாமே மூங்கிலை விற்றனர். ஒரு சிறு சீட்டில் கையொப்பமிடும் உரிமை ஓர் ஊரின் தலைநிமிர்வாக அமைந்ததை இந்நிகழ்வு காட்டுகிறது.

மூன்றாம் துணை: அளவு

இனி நம் தீவுக்கு வருவோம். அந்தமானில் வனத்துறை 1883 ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டது. அதே ஆண்டில் சாத்தம் தீவில் மர அறுவை ஆலையும் நிறுவப்பட்டது. அங்கே இன்றும் பாலத்தைக் கடந்து சென்று காணலாம். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த பள்ளமும் அங்குள்ளது. செந்நிறம் வாய்ந்த படாக் மரமும் ஓங்கி வளரும் குர்ஜன் மரமும் இவ்வாலைக்குப் புகழ் தேடித் தந்தன. மரங்களை இழுக்க யானைகள் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டன. சோட்டா நாக்பூர்ப் பகுதியிலிருந்து 1918 முதல் தொழிலாளர் அழைத்து வரப்பட்டனர். தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் பலர் வேலை தேடிக் கப்பலேறினர். 1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களுள் சில, கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. உங்களுள் சிலரின் முன்னோர் இவ்வழிகளில் ஒன்றால் இங்கு வந்தவராக இருக்கலாம்.

ஆக, இத்தீவின் மரம் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பது உண்மை. ஆனால், ஓங்குமரங்கள் முளைத்து வளர்ந்து பயன் தரப் பல பத்தாண்டுகள் ஆகும். வெட்டுவதற்கோ ஒரு பகற்பொழுது போதும். வளரும் வேகத்தைவிட வெட்டும் வேகம் மிகும்போது, வட்டியை விட்டு முதலையே உண்பவனின் நிலை உண்டாகிறது. காடு குறைந்தால் மண் கடலுக்குச் செல்லும், ஊற்று வற்றும், பவளப்பாறைகள் சேற்றில் மூடும், மீனவனின் வலையும் வெறுமையாகும்.

இவற்றைக் கருதிய உச்ச நீதிமன்றம், ஓர் ஆணையத்தின் பரிந்துரைகளை ஏற்று, 2002 மே 7 அன்று ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. இயற்கைக் காட்டு மரங்களை வணிக நோக்கில் வெட்டுவதற்குத் தடை ஏற்பட்டது. தீவு மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. காட்டைப் பொறுத்தவரை அது நல்ல ஆணை. ஆயினும் ஒட்டுப்பலகை ஆலைகள் மூடப்பட்டபோது, அவற்றையே நம்பியிருந்த கைகள் வேலையிழந்தன. நம் மாணவியின் தாத்தாவும் அவர்களுள் ஒருவர்.

அலையாத்திக் காடு

அளவறிந்து வாழ்வதற்கு மற்றுமோர் எடுத்துக்காட்டு கடலோரத்தில் உண்டு. உப்புநீரிலும் சேற்றிலும் வளரும் கண்டல் மரங்களின் காட்டைத் தமிழர் 'அலையாத்திக் காடு' என்று அழைத்தனர். அலையின் சீற்றத்தை ஆற்றுவது என்பது அதன் பொருள். வேர்களுக்கிடையே இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளரும். உதிரும் இலைகள் மக்கி அவற்றுக்கு உணவாகும்.

கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரத்தில் முற்காலத்தில் இம்மரங்களைப் பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டும் முறை இருந்தது. வெட்டிய இடத்தில் வெயில் பட்டு மண் தாழ்ந்தது. தேங்கிய நீர் ஆவியாகி உப்பு மிகுந்தது. மரம் மீண்டும் முளைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் 1990களில் இணைந்து இதற்குத் தீர்வு கண்டனர். மீனின் முள்ளைப்போல் நடுவில் பெருவாய்க்காலும் இருபுறமும் கிளைவாய்க்கால்களும் வெட்டினர். ஓதநீர் வந்து சென்றது; உப்புக் குறைந்தது; கன்றுகள் தழைத்தன. அந்நீர்வழிகளில் மீனும் நண்டும் பிடித்து வாழும் இருளர் முதலிய எளிய மக்களுக்குக் காடு மீண்டும் கை கொடுத்தது. படகுச் சுற்றுலாவும் பலருக்கு வருவாய் தருகிறது.

நமக்கு அருகில் உள்ள சிப்பிகாட் பகுதியைப் பேருந்தில் செல்லும்போது பார்த்திருப்பீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தால் தென் அந்தமானின் நிலம் தாழ்ந்தது. கடல்நீர் புகுந்ததால் அங்கிருந்த நெல்வயல்கள் நீர்நிலையாயின. உழவர் வயலை இழந்தனர். அந்நீரின் ஓரங்களில் இன்று கண்டல் கன்றுகள் தாமாக முளைத்து நிற்கின்றன. நீர்ப்பறவைகள் வந்து தங்குகின்றன. இயற்கை தன் காயத்தை ஆற்றிக்கொள்கிறது. வயலை இழந்த உழவரின் காயத்தை ஆற்றுவதோ நம் கடமை.

காடே வீடானவர்கள்

ஒன்றை மறத்தல் கூடாது. இத்தீவுகளில் ஜாரவா, ஓங்கே, பெரும் அந்தமானியர், சென்டினல் மக்கள் ஆகியோர் நம் முன்னோர் கப்பலேறுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே வாழ்கின்றனர். நமக்குக் காடு வருவாய். அவர்களுக்குக் காடு வீடு. அவர்களுடைய பகுதிகளில் பிறர் நுழைவதை 1956 ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை தடுக்கிறது. அங்குள்ள தேனையும் காட்டுப்பன்றியையும் நண்டையும் வெளியார் எடுப்பது, ஒருவரின் அடுக்களையில் புகுந்து உணவைத் திருடுவதற்கு ஒப்பாகும். நம் வறுமையைப் போக்கப் பிறர் வீட்டைப் பறித்தல் அறமாகாது.

வினாவுக்கு விடை

இனி அம்மாணவியின் வினாவுக்கு வருவோம். மரத்தைக் காப்பாற்றியது சரியே. காப்பாற்றாதிருந்தால் இன்று தனிகாரி அணைக்கு நீர் தரும் சரிவுகளும் வெறுமையாகியிருக்கலாம். ஆனால் மரத்தைக் காக்கும் ஆணையின் அடுத்த வரியில் மனிதனைக் காக்கும் ஏற்பாடும் இருந்திருக்க வேண்டும். புதிய தொழில் கற்பித்தல், மாற்று வேலை, அதுவரை உதவித்தொகை ஆகியன அவ்வேற்பாட்டின் பகுதிகள். காட்டைக் காப்பதன் பயன் நாட்டிலுள்ள அனைவருக்கும் செல்கிறது. அதன் சுமையை மட்டும் ஒரு சில எளியவர் சுமப்பது முறையன்று.

வெட்டாத மரமும் வருவாய் தரும். வீட்டுத் தோட்டத்தில் மிளகும் கிராம்பும் இலவங்கப்பட்டையும் வளர்த்தல், பிரம்பிலும் மூங்கிலிலும் கைவினைப் பொருள் செய்தல், அலையாத்திக் காட்டில் படகோட்டி விருந்தினருக்கு வழிகாட்டுதல் ஆகியன நம் தீவில் பலர் செய்துவரும் தொழில்களே. இவற்றுக்கு உரிய விலையும், உறுதியான உரிமையும், மிகாத அளவும் அமையுமாயின், காடு தாங்கும் கையாக மட்டுமன்றி ஏற்றிவிடும் ஏணியாகவும் விளங்கும்.

அம்மாணவி அடுத்த வாரம் தன் கட்டுரையைக் கொண்டுவந்தாள். படாக் மரத்தின் மணத்தைத் தாத்தா எவ்வாறு கண்ணை மூடியே கண்டறிவார் என்று தொடங்கியிருந்தாள். அவ்வாண்டின் சிறந்த கட்டுரை அதுவே.

சொல்லும் பொருளும்

ஆநிரை – பசுக்கூட்டம்
அகழ்தல் – தோண்டுதல்
விழுக்காடு – நூற்றில் பங்கு
முன்பணம் – பொருள் பெறும் முன்பே தரும் பணம்
மகசூல் – விளைச்சல்
பூசல் – கருத்து மோதல்
ஓதநீர் – கடல் ஏற்றத்தால் வரும் நீர்
கண்டல் – உப்புநீர்க் கரையில் வளரும் மரம்

இலக்கணக் குறிப்பு

இறாலும் நண்டும் – எண்ணும்மை
பசுந்தழை – பண்புத்தொகை
ஓங்குமரங்கள் – வினைத்தொகை
வெட்டாத மரம் – எதிர்மறைப் பெயரெச்சம்

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுக்க.

1. அந்தமானில் வனத்துறை தோற்றுவிக்கப்பட்ட ஆண்டு
(அ) 1858 (ஆ) 1883 (இ) 1927 (ஈ) 2002

2. 'வெட்டாத மரம்' என்பதன் இலக்கணக் குறிப்பு
(அ) வினைத்தொகை (ஆ) பண்புத்தொகை (இ) எதிர்மறைப் பெயரெச்சம் (ஈ) எண்ணும்மை

3. சிறு வன மகசூல் அல்லாதது
(அ) தேன் (ஆ) கடுக்காய் (இ) புளி (ஈ) அறுத்த படாக் பலகை

ஆ. பிரித்து எழுதுக.

நிலப்பரப்பு, பசுந்தழை, கடலோரம், பல்லாயிரம்

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. காடு தரும் மூவகைக் கொடைகள் யாவை?
2. 'அலையாத்தி' என்னும் பெயரின் பொருள் யாது?
3. பணம் தாராத காட்டுப் பொருள்களும் குடும்பத்தின் வருவாயைக் காப்பது எவ்வாறு?

ஈ. ஐந்து தொடர்களில் விடை தருக.

1. மலையிலிருந்து புளி கொண்டுவந்தோர் பேரம் பேசாமல் திரும்பியது ஏன்?
2. தேன் எடுக்கும் முறையில் ஏற்பட்ட மாற்றம் மனிதருக்கும் தேனீக்கும் ஒருங்கே நன்மை தந்ததை விளக்குக.
3. பிச்சாவரத்தில் வாய்க்கால்கள் வெட்டப்பட்டதன் நோக்கமும் பயனும் யாவை?

உ. ஒரு பக்க அளவில் விடை தருக.

'மரத்தைக் காப்பாற்றினார்கள். தாத்தாவை யார் காப்பாற்றினார்கள்?' இவ்வினாவுக்கு ஆசிரியர் கூறும் விடையை நீ ஏற்கிறாயா? காரணம் காட்டி எழுதுக.

ஊ. கணக்கிட்டு எழுதுக.

ஓர் ஊரகக் குடும்பத்தின் ஆண்டு வருவாய் 50,000 ரூபாய் எனக் கொள்க. அதில் 28 விழுக்காடு இயற்கைச் சூழலிலிருந்தும், அதில் 77 விழுக்காடு காட்டிலிருந்தும் கிடைக்குமாயின், காடு தரும் தொகை எவ்வளவு? விடையை எழுத்தால் எழுதுக.

எ. செயல்பாடு

உன் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் பின்வருவனவற்றைக் கேட்டறிந்து தமிழில் எழுதி வருக: அவர் எந்த ஊரிலிருந்து, எந்த வேலைக்காக இத்தீவுக்கு வந்தார்? சொந்த ஊரில் காட்டிலிருந்து எந்தப் பொருளைப் பெற்றார்? அதன் பெயர் அவ்வூர்ப் பேச்சு வழக்கில் யாது? கேட்ட சொற்களை அவ்வாறே எழுதுக, திருத்த வேண்டா. அவர் மறக்கும் முன் நாம் எழுதி வைத்துக்கொள்வோம்.